லோயரிங் ஸ்பிரிங் மாற்றுதல்: எது நம் வேலை, எது பட்டறை வேலை

காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்குகளுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பு ஒரு சிறிய சோதனையைச் செய்து பாருங்கள். ஸ்டியரிங்கை முழுவதுமாக ஒரு பக்கம் ஒடித்துவைத்து, முன்சக்கரத்தின் பின்புறமாகக் கையை விட்டு, ஸ்ட்ரட்டோடு (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) லிங்க் ராட் (வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் சிறு தண்டு) சேருகிற இடத்தில் உள்ள நட்டைத் தொட்டுப் பாருங்கள். நட்டின் ஆறு முனைகளும் விரலுக்குத் தெளிவாகத் தட்டுப்பட்டால், இந்த வேலையின் பெரும்பகுதியை நீங்களே செய்ய முடியும். முனைகள் மழுங்கிப்போய், செம்பழுப்பு நிறத்தில் செதில் செதிலாகத் துரு உதிர்ந்து வந்தால், உங்களுக்கு எவ்வளவு கைப்பழக்கம் இருந்தாலும் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோவதே நல்லது. உள்நாட்டு ஊர்களில் இருப்பவர்களுக்கு ஆளின் அனுபவத்தை வைத்து முடிவு சொல்லலாம். தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி மண்டபம், ராமேஸ்வரம் வரையிலும், தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரையிலும் கடலோரத்தில் வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு அந்த முடிவைச் சொல்வது துருதான்.

நான் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில் குடியிருக்கிறேன். என் வண்டியில் நானே கழற்றி மாட்டியும் இருக்கிறேன், கூலி கொடுத்துச் செய்யச்சொல்லியும் இருக்கிறேன். இரண்டிலும் பட்டுத் தெரிந்துகொண்டதை, முதல் முறையாக இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எவ்வளவு தாழ்த்தலாம்

கடைகளில் கிடைக்கும் லோயரிங் ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் 25 முதல் 40 மில்லிமீட்டர் வரை வண்டியைத் தாழ்த்துபவை. நம் பகுதியில் அதிகம் ஓடும் மாருதி ஸ்விஃப்டை எடுத்துக்கொண்டால், 2018இல் வந்த தலைமுறையின் தரை இடைவெளி 163 மில்லிமீட்டர். அதில் 30 குறைந்தால் மிஞ்சுவது 133. ஐந்து பேர் ஏறிச் சாமான்களும் வைத்தால் அது இன்னும் குறையும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வட்ட முதுகு கொண்ட வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். அந்த அளவில் கட்டப்பட்ட தடையைத் தாழ்ந்த வண்டியும் மெதுவாகக் கடந்துவிடும். ஆனால் ஊர்க்காரர்கள் தாங்களே போட்டுக்கொள்ளும் குறுகிய மேடுகள் அப்படிப்பட்டவை அல்ல. முன்சக்கரம் இறங்கிய பிறகும் மேட்டின் உச்சி வண்டியின் நடுவயிற்றுக்குக் கீழே நின்றுகொண்டிருக்கும். உங்கள் தெருவிலிருந்து நெடுஞ்சாலை வரை உள்ள ஒவ்வொரு மேட்டின் உயரத்தையும் அளவுநாடா கொண்டு அளந்து குறித்துக்கொண்ட பிறகு முடிவெடுங்கள். தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை வந்து, 2017 முதல் கார்கள் முனை வரை போகின்றன என்றாலும், காற்று வலுத்த நாட்களில் சாலையின் குறுக்கே மணல் ஏறி நிற்பதை அந்தப் பக்கம் போனவர்கள் அறிவார்கள். அந்த மணலில் தாழ்ந்த வண்டியின் முன்பம்பர் மண்வெட்டி போல வேலை செய்யும். என்னைக் கேட்டால் இந்தக் கடற்கரையில் 25 மில்லிமீட்டருக்கு மேல் யாரும் தாழ்த்த வேண்டாம்.

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உரிமையாளருக்கு விதிக்கப்படலாம். ஆகவே ஸ்பிரிங் வாங்குவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக் கேட்டுத் தெளிந்துகொள்வதும், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து அவர்களுடைய பதிலைக் கையில் வைத்துக்கொள்வதும் அவசியம். இரண்டும் இல்லாமல் வேலையைத் தொடங்க வேண்டாம்.

வண்டியோடு வந்த ஸ்பிரிங்கின் ஒரு சுற்றை வெட்டி எடுத்துத் தாழ்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். வெட்டிய முனை இருக்கையில் சரியாக உட்காராது. கேஸ் நெருப்பில் காய்ச்சிச் சுருக்கினாலோ, எஃகுக்கு ஊட்டப்பட்ட பதமே போய்விடும். உங்கள் வண்டியின் மாடலுக்கென்றே செய்யப்பட்டு, முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் தனித்தனி எண் பொறித்த நான்கு ஸ்பிரிங்குகள் கொண்ட செட்டை மட்டும் வாங்குங்கள். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. ஒரே இடத்தை இரண்டு முறை கழற்றினால் துருப்பிடித்த போல்ட்டுகளோடு இரண்டு முறை மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

மூன்று நாள் முன்னேற்பாடு

ஞாயிற்றுக்கிழமை வேலை என்றால் வியாழக்கிழமையே தொடங்க வேண்டும். ஸ்ட்ரட்டை நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் துண்டு) இணைக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகள், லிங்க் ராட் நட்டு, பிரேக் ஹோஸ் கிளிப்பின் போல்ட்டு, பின்புற ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டு ஆகியவற்றை வயர் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரைகளில் உள்ள மணலையும் துருவையும் எடுத்துவிட்டுத் துரு இளக்கும் எண்ணெயை அடியுங்கள். காலையும் மாலையும் மூன்று நாட்களுக்கு இதைச் செய்ய வேண்டும். பிரேக் டிஸ்க்கிலும் பேடிலும் ஒரு துளியும் படக் கூடாது. பழைய துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

லிங்க் ராட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நட்டைத் திருப்பினால் அதோடு உள்ளிருக்கும் தண்டும் சேர்ந்து சுற்றும். அதைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொள்வதற்காகத் தண்டின் நுனியில் ஆறுமூலைக் குழி ஒன்று இருக்கும்; அதில் ஆலன் கீயைச் செருகிக்கொண்டு ரிங் ஸ்பேனரால் நட்டைத் திருப்ப வேண்டும். நம் வண்டிகளில் அந்தக் குழி காலியாக இருப்பதே இல்லை. உப்பும் நுண்மணலும் துருவும் கலந்து கல்போல இறுகி உள்ளே அடைந்திருக்கும். அப்படியே ஆலன் கீயை வைத்தால் அது பாதி ஆழம்கூட இறங்காது. வலு கொடுத்த உடனே குழியின் மூலைகள் வழுக்கி வட்டமாகிவிடும். முதல் முறை எனக்கு அப்படித்தான் ஆனது; கடைசியில் ஆக்ஸா பிளேடால் ஒரு மணி நேரம் அறுத்து எடுத்துவிட்டுப் புது லிங்க் ராட் வாங்கி மாட்டினேன். இப்போது ஒரு ஊக்கை நிமிர்த்திக்கொண்டு, குழியின் அடி தெரியும்வரை பொறுமையாகச் சுரண்டி எடுத்து, எண்ணெய் விட்டு, மறுபடி சுரண்டிய பிறகுதான் ஆலன் கீயை வைக்கிறேன். எப்படியும் இரண்டு லிங்க் ராட்டுகளை முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பது உங்களுக்கும் நிம்மதி.

மூன்றாம் நாள் மாலையில் எல்லா நட்டுகளையும் அரைச்சுற்று இளக்கிப் பார்த்து, இளகியதும் திரும்ப இறுக்கிவிடுங்கள். ஒன்றாவது அசையாமல் நின்றால் அங்கேயே நிறுத்திவிட்டுப் பட்டறையைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம், வண்டி நான்கு துண்டாகக் கிடக்கும்போது அதைத் தெரிந்துகொள்வது நல்லதல்ல.

முன்புறத்தைக் கழற்றுதல்

முதலில், நான்கு சக்கரங்களிலும் அச்சின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டின் உதடு வரை உள்ள உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். முடிந்த பிறகு எவ்வளவு தாழ்ந்தது, இரண்டு பக்கமும் சமமாகத் தாழ்ந்ததா என்று சொல்வதற்கு வேறு ஆதாரம் கிடையாது.

வண்டியை நிறுத்தும் தரை சிமெண்டாக இருக்க வேண்டும். நம் வீட்டு முற்றங்கள் பலவும் மணல். மணலில் ஜாக்கி ஸ்டாண்டின் கால்கள் ஒரு பக்கமாகப் புதைந்து சாய்ந்துவிடும், அடியில் பலகை வைத்தாலும் அந்தப் பலகை நகரும். சிமெண்டுத் தளம் இல்லாதவர்கள் வீட்டில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. பின்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, சக்கர நட்டுகளைத் தரையிலேயே கால்சுற்று இளக்கி, வண்டிக் கையேட்டில் காட்டியுள்ள இடங்களில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஜாக்கி ஸ்டாண்டுகளின் மேல் வண்டியை இறக்கி உட்கார வையுங்கள். ஸ்டாண்ட் வைத்த பிறகு வண்டியை இரண்டு கையாலும் பலமாக ஆட்டிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் அடியில் போவதற்கு முன்பே விழட்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கை வைக்க வேண்டாம்.

சக்கரத்தை எடுத்ததும், பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் ஒயரையும் ஸ்ட்ரட்டிலிருந்து விடுவியுங்கள். அடுத்து லிங்க் ராட்டைக் கழற்றுங்கள். நக்கிள் போல்ட்டுகள் இரண்டையும் கழற்றுவதற்கு முன்பு, ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேருகிற கோட்டில் பெயின்டால் ஓர் அடையாளம் வையுங்கள். திரும்ப மாட்டும்போது சக்கரத்தின் சாய்வு பழைய இடத்துக்கு அருகிலாவது வரும். போல்ட்டு வெளியே வர மறுத்தால் நட்டை அதன் நுனி மட்டத்துக்குத் திருகி வைத்து, அதன் மேல் தட்டுங்கள். வெறும் மரையின் மேல் சுத்தியல் படக் கூடாது. போல்ட்டுகள் வந்ததும் நக்கிள் வெளிப்பக்கமாகச் சாயப் பார்க்கும். அதைக் கயிற்றால் கட்டி நிறுத்தாவிட்டால் பிரேக் ஹோஸ் இழுபடும், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் மூட்டும் உள்ளே பிரிந்துபோகலாம். கடைசியாக, பானட்டுக்கு அடியில் ஸ்ட்ரட்டின் தலையைப் பிடித்திருக்கும் சுற்று நட்டுகளைக் கழற்றும்போது, ஒரு ஆள் கீழே ஸ்ட்ரட்டைத் தாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்தச் சுற்று நட்டுகளுக்கு நடுவே ஒரு பெரிய நட்டு இருக்கும். அதை வண்டியில் இருக்கும்போது தொடவே கூடாது.

நடு நட்டு

வண்டியின் எடை 900 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் முன்னால் இருப்பதால் ஏறக்குறைய 60 சதவீதம் முன்சக்கரங்களின் மேல் நிற்கும். அப்படியானால் ஒவ்வொரு முன் ஸ்பிரிங்கும் 270 கிலோவுக்கு நெருங்கிய பாரத்தைச் சுமக்கிறது. ஸ்ட்ரட்டைக் கழற்றிக் கையில் எடுத்த பிறகும் ஸ்பிரிங் முழுவதுமாகத் தளர்ந்துவிடுவதில்லை. மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் இடையே அமுங்கியேதான் இருக்கிறது. அதைத் தட்டிலிருந்து விடுவிக்க மேலும் அமுக்க வேண்டும். அப்படி அமுக்காமல் நடு நட்டைக் கழற்றினால், மேல்தட்டு எதிரே இருப்பவர் முகத்தை நோக்கிப் பாயும்.

இதற்கு இணையத்தில் விற்கும் கருவி, இரண்டு நீளத் திருகுகளில் கொக்கிகள் பொருத்தியது. ஸ்பிரிங்கின் எதிரெதிர்ப் பக்கங்களில் கொக்கிகளை மாட்டி, இரண்டு திருகுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். துருப்பிடித்த, சாயம் உரிந்த ஸ்பிரிங்கில் கொக்கி வழுக்குவது அவ்வளவு எளிது. ஒரு கொக்கி நழுவினால் அமுங்கிய ஸ்பிரிங் வில் போல வளைந்து பக்கவாட்டில் தெறிக்கும். ராமநாதபுரத்தில் நான் வழக்கமாகப் போகும் பட்டறையின் மூத்த மெக்கானிக் முதல் நாளே என்னிடம், "தம்பி, கழட்டுறது மாட்டுறது எல்லாம் நீங்களே பாத்துக்கங்க. நடு நட்டுல மட்டும் கை வச்சிராதீங்க, அத எங்கிட்ட கொண்டாந்திருங்க" என்றார். அந்தச் சொல்லை நான் மீறியதில்லை, நீங்களும் மீற வேண்டாம்.

ஆகவே என் வழி இதுதான்: இரண்டு ஸ்ட்ரட்டுகளையும் வீட்டில் கழற்றி, சாக்கில் சுற்றி, தரையில் நிறுத்திவைத்த அமுக்கு இயந்திரம் உள்ள பட்டறைக்கு எடுத்துப்போகிறேன். அங்கே பழைய ஸ்பிரிங்கை எடுத்துப் புதியதை வைப்பதற்கு மட்டும் கூலி கொடுக்கிறேன். வண்டியையே விட்டுவருவதைவிடச் செலவு மிகவும் குறைவு. ஆபத்தான பகுதியும் அதற்கென்றே செய்த கருவியில், பழகிய கையில் நடக்கிறது. கழற்றுவதற்கு முன்பு எல்லாப் பக்கமும் படம் எடுத்துவைத்துக்கொண்டு, பேரிங், ரப்பர் இருக்கை, டஸ்ட் கவர், பம்ப் ஸ்டாப் ஆகியவை அதே வரிசையில் திரும்ப ஏறுகின்றனவா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஸ்பிரிங்கின் கீழ்முனை, தட்டில் உள்ள படியில் போய் முட்ட வேண்டும். பழைய ஸ்பிரிங்கை எடுத்த பிறகு அந்தக் கீழ்த்தட்டைக் கவனியுங்கள். ஈர மணல் பிறையாகப் படிந்து கிடக்கும். அதைத் தட்டினால் அடியில் ஸ்பிரிங் உட்கார்ந்திருந்த இடமெல்லாம் சாயம் போய் எஃகு குழி விழுந்திருக்கும். கடலோர வண்டிகளில் ஸ்பிரிங் ஒடிவது பெரும்பாலும் இந்தக் கடைசிச் சுற்றில்தான். தட்டைச் சுத்தமாகத் துடைத்து, உலர்த்தி, சாயம் பூசி, நீர் வடியும் துளை அடைந்திருந்தால் திறந்துவிட்ட பிறகே புது ஸ்பிரிங்கை உட்கார வையுங்கள்.

பின்புறம்

நம் சிறிய கார்கள் பலவற்றில் பின்னால் ஸ்பிரிங் தனி, ஷாக் அப்சார்பர் தனி. அதனால் இந்தப் பக்கம் எளிது. அமுக்கு இயந்திரம் வேண்டியதில்லை. உடலை ஸ்டாண்டுகளில் நிறுத்தி, குறுக்கு அச்சுக்குக் கீழே ஜாக்கி கொடுத்து, இரண்டு ஷாக் அப்சார்பர்களின் கீழ் போல்ட்டுகளையும் எடுத்துவிட்டு, ஜாக்கியை மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வரும். இறக்கும்போது பிரேக் ஹோஸும் கைப்பிரேக் கேபிளும் விறைக்கின்றனவா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மேல், கீழ் ரப்பர் இருக்கைகள் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

இனிப் பட்டறைகளும் தவறவிடும் ஒரு இடத்துக்கு வருகிறேன். ரப்பர் புஷ் (போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் உறை) உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் காற்றில் தொங்கும்போது இறுதியாக இறுக்கக் கூடாது. அப்படி இறுக்கினால் புஷ் அந்தத் தொங்கிய நிலையிலேயே பிடித்துக்கொள்ளும்; வண்டி தரையில் இறங்கியதும் முறுக்கிய நிலையிலேயே காலம் தள்ளும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் முழுக்கூலி கொடுத்து இந்த வேலையைச் செய்தபோது, வண்டியை லிஃப்டில் தொங்கவிட்டே காற்றுத் துப்பாக்கியால் எல்லாவற்றையும் இறுக்கிக் கொடுத்தார்கள். ஒரு வருடம் முடிவதற்குள் பின்புற ஷாக் அப்சார்பர்களின் கீழ் புஷ்கள் இரண்டும் கிழிந்து, மண்சாலையில் போகும்போதெல்லாம் உலக்கை இடிப்பதுபோலச் சத்தம் கேட்கத் தொடங்கியது. அந்தப் போல்ட்டுகளைக் கையளவுக்கு முடுக்கி, வண்டியின் பாரம் சக்கரங்களின் மேல் நிற்கும்போது டார்க் ரெஞ்ச் (இறுக்கும் வலுவை அளந்து காட்டும் ஸ்பேனர்) கொண்டு கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குவதே முறை. சக்கர நட்டுகளுக்கும் அளவு உண்டு; சிறிய கார்களில் அது பெரும்பாலும் 85 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும், உங்கள் வண்டிக்குரிய எண்ணைக் கையேட்டில் பாருங்கள். எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

முழுவதையும் பட்டறையில் கொடுப்பவர்களுக்கு

இரண்டு ஜாக்கி ஸ்டாண்ட், ஒரு டார்க் ரெஞ்ச், நல்ல பாக்ஸ் ஸ்பேனர் செட் ஆகியவற்றைப் புதிதாக வாங்குவதற்கே ஒரு முறைக்கான கூலி அளவுக்குச் செலவாகிவிடும். ஆகவே பணத்தை மிச்சப்படுத்துவது மட்டும் நோக்கம் என்றால், வாழ்நாளில் ஒரே முறை செய்யப்போகிறவர் பட்டறையில் கொடுப்பதே சரி. நேரமும் அப்படித்தான்: பழகிய இருவர் அரை நாளில் முடிப்பதற்குப் புதியவர் இரண்டு நாட்களை ஒதுக்க வேண்டும். தன் வண்டியின் அடிப்பகுதியைத் தானே தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறவருக்குத்தான் வீட்டு வேலை பொருந்தும். கடலோரத்தில் அந்த அறிவுக்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் துரு எங்கே தொடங்குகிறது என்பதை அவர் மற்றவர்களுக்கு முன்பே பார்த்துவிடுவார்.

பட்டறையை முடிவு செய்வதற்கு முன்பு மூன்று கேள்விகள் கேளுங்கள். ஸ்பிரிங் அமுக்குவதற்கு நிறுத்திவைத்த இயந்திரம் இருக்கிறதா, கொக்கித் திருகுதானா? புஷ் போல்ட்டுகளை எந்த நிலையில் இறுக்குவார்கள்? துருவில் போல்ட்டு ஒடிந்தால் அதற்கு யார் பொறுப்பு, மாற்றுப் போல்ட்டு அங்கேயே கிடைக்குமா? இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறவரிடம் வண்டியைக் கொடுங்கள். பழைய ஸ்பிரிங்குகள் நான்கையும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். சட்டத்தின் காரணமாகவோ சாலையின் காரணமாகவோ பழைய உயரத்துக்குத் திரும்ப நேர்ந்தால் அவை வேண்டும்.

முடிந்த பிறகு

முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றி, நடக்கும் வேகத்தில் இருக்கட்டும். பிரேக்கை மிதித்துப் பாருங்கள், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுவதுமாக ஒடித்துச் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள், டயர் மட்கார்டின் உட்பக்கத்தில் உரசுகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு 20 கிலோமீட்டர் ஓட்டிவந்து எல்லா நட்டுகளையும் டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபாருங்கள். பாம்பன் சாலைப் பாலத்தில் பக்கக்காற்று எப்போதும் உண்டு. இந்தச் சரிபார்ப்பு முடிவதற்கு முன்பு பாலத்தில் ஏற வேண்டாம்.

தாழ்ந்ததும் சக்கரங்களின் சாய்வும் உள்நோக்கும் மாறியிருக்கும். அதைச் சரிசெய்யாமல் ஓட்டினால் டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து, வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாமலேயே கம்பி வெளிவந்துவிடும். ஸ்பிரிங்குகள் தம் இடத்தில் அமர்வதற்கு 200, 300 கிலோமீட்டர் ஓட்டம் விட்டு, அதன் பிறகு வீல் அலைன்மென்ட் செய்து, அளவுகள் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஹெட்லைட்டின் நோக்கையும் அப்போதே சரிபார்க்கச் சொல்லுங்கள்.

மாட்டும்போது மரைகளின் வெளிநுனியில் மெல்லிய கிரீஸ் பூசிவிடுங்கள். நட்டு உட்காரும் பகுதியில் பூசினால் டார்க் ரெஞ்ச் காட்டும் அளவு பொய்யாகும். தனுஷ்கோடிப் பக்கம் போய்வந்த அன்றே, அடுத்த நாளைக்குத் தள்ளிவைக்காமல், நல்ல தண்ணீரைக் குழாய் வழியாக ஸ்பிரிங்கின் கீழ்த்தட்டுக்குள் பாய்ச்சி, துளை வழியாக மணல் வெளியே வருகிறதா என்று குனிந்து பாருங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் இதற்கென்று இரண்டு குடம் குடிதண்ணீரை எடுத்துவைக்க வேண்டியிருக்கும்.